பகலில் ஓடுகிறது, இருட்டினால் டிக் டிக்: 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பழுது

ஈரோட்டுக் கேமரா

வணக்கம் நண்பர்களே. சிசிடிவி மாட்டுவதும் பராமரிப்பதும்தான் என் பிழைப்பு. ஒரு ஜவுளிக்கடையில் எட்டு கேமரா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எஸ்.எம்.பி.எஸ்., அதாவது ஏசி கரண்டை 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை. ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தத் தகரப் பெட்டி ரகம். 12 வோல்ட், 10 ஆம்பியர். நான்கு வருடமாக ஷட்டருக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

பகல் முழுக்க எட்டுப் படமும் சுத்தமாக வருகிறது. ஆறரை மணி வாக்கில் இருட்டத் தொடங்கியதும் கேமராக்கள் ஒவ்வொன்றாக நைட் மோடுக்கு மாறும். ஐந்தாவதோ ஆறாவதோ மாறும்போது எட்டும் சேர்ந்து அணைந்துவிடுகின்றன. பெட்டிக்குள்ளே டிக் டிக் என்று சத்தம், பச்சை எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டே இருக்கும். கடைக்குள் டியூப்லைட்டை எரியவிட்டுப் போனால் ராத்திரி முழுக்க ஓடுகிறது! முதலாளி இப்போது கரண்ட் பில்லைக் காட்டி என்னைக் கேட்கிறார்.

கழற்றிக் கொண்டுவந்து பார்த்தேன். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. உள்ளே 3842 என்ற கன்ட்ரோல் ஐ.சி., ஸ்விட்ச் வேலைக்கு ஒரு மாஸ்பெட், பிரைமரியில் (மெயின்ஸ் பக்கம்) 100 எம்.எப்.டி. (மைக்ரோ ஃபேரட்) 400 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, அவுட்புட்டில் 1000 எம்.எப்.டி. 25 வோல்ட் மூன்று. அந்த மூன்றில் இரண்டு தலை உப்பியிருந்தது. மூன்றையும் மாற்றிவிட்டேன். கம்ப்ளைன்ட் அப்படியே இருக்கிறது. லோடு இல்லாமல் 12.1 வோல்ட் அசையாமல் நிற்கிறது. அடுத்து எதை மாற்றுவது?

கணக்குப்பிள்ளை

எதையும் மாற்றாதீர்கள். அறுநூறு ரூபாய் கொடுத்தால் புதிதாக ஒன்று வந்துவிடும். அரை நாள் உட்கார்ந்து இதைப் பிரித்து மேய்வதற்கு உங்கள் கூலி என்ன ஆகும்?

ஈரோட்டுக் கேமரா

சார், இதே மாதிரி செத்த பெட்டி என் வீட்டில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. பாதிக்கு மேல் இதே கம்ப்ளைன்ட்தான். ஒன்றில் காரணம் பிடிபட்டால் மிச்சத்தையும் எழுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பழைய டிவி

தம்பி, நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். பகல், ராத்திரி, டியூப்லைட் என்று எழுதினீர்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது. நைட் மோடில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) எல்.இ.டி. எரியும், கரண்ட் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஆக, பெட்டி சாகவில்லை. லோடு தாங்கவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

அதனால் "அடுத்து எதை மாற்றுவது" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கே அளப்பது என்று கேளுங்கள். பகலில் எத்தனை ஆம்பியர், இரவில் எத்தனை? டிசி கிளாம்ப் மீட்டர் இருக்கிறதா? பெஞ்சில் லோடாக எதைப் போட்டுப் பார்த்தீர்கள்?

இன்னொன்று. இந்த போர்டில் கை வைக்கும் முன், அந்த 400 வோல்ட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து "டப்" என்று சத்தம் கேட்பது ஒரு காலத்தில் வீரமாக இருந்தது. பிரிண்ட் தடம் எரியும், கெப்பாசிட்டரும் கெடும். 10 கே, 10 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் வயர் வைத்து ஸ்லீவ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்.எப்.டி.க்கு ஐந்தாறு செகண்ட் வைத்தால் போதும். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரல் போக வேண்டும்.

ஈரோட்டுக் கேமரா

நன்றி அண்ணே. பகலில் எட்டுக்கும் சேர்த்து 1.7 ஆம்பியர். ஐஆர் எரிந்தால் 4-ஐத் தாண்டுகிறது. பெஞ்சில் பைக் இண்டிகேட்டர் பல்பு, கார் ஹெட்லைட் பல்பு போட்டுப் பார்த்தேன். இண்டிகேட்டர் எரிகிறது. ஹெட்லைட் போட்டதுமே டிக் டிக். பாதுகாப்புக்காக ஏசி லைனில் பெட்டிக்குத் தொடராக ஒரு சீரிஸ் பல்பும் 60 வாட் போட்டிருக்கிறேன்.

சால்டர் புகை

அடுத்ததும் மாற்ற வேண்டியதுதான் நண்பா. 3842, மாஸ்பெட், பிசி817 (ஒளி வழியாகச் செய்தி கடத்தும் ஆப்டோ), டிஎல்431 (அவுட்புட் வோல்டேஜைக் கவனிப்பது), வி.சி.சி. கெப்பாசிட்டர் (3842-இன் சப்ளையைத் தாங்குவது) எல்லாமே சேர்த்து நூறு ரூபாய்க்குள் வரும். நான் இப்படி மொத்தமாக மாற்றித்தான் கொடுக்கிறேன். பத்துக்கு எட்டு எழுந்துவிடும்.

பழைய டிவி

மிச்ச இரண்டு?

தம்பி ஈரோடு, உங்கள் பெஞ்சில் இரண்டு பொய் சாட்சி உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதுகளை எழுப்பி அனுப்புங்கள்.

ஒன்று, சீரிஸ் பல்பு. முதல் முறை ஆன் செய்யும்போது அது தெய்வம். ஒரு மின்னு மின்னி மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் மாஸ்பெட்டோ, ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜோ ஷார்ட். அதோடு அதன் வேலை முடிந்தது. லோடு டெஸ்டுக்கு அதை வைத்திருக்கக் கூடாது. 60 வாட் பல்பு வழியாக 50 வாட் இழுக்கப் பார்த்தால் பல்பே பாதி வோல்டேஜைத் தின்றுவிடும். நல்ல பெட்டிகூட டிக் டிக் என்றுதான் சொல்லும். ஷார்ட் இல்லை என்று தெரிந்ததும் பல்பை எடுத்துவிட்டு ஃப்யூஸோடு நேராகக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பை இந்த வேலைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு, கார் ஹெட்லைட் பல்பு. 55 வாட் பல்பு எரியும்போது நாலரை ஆம்பியர்தான். ஆறியிருக்கும்போது அதன் இழை கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி. ஆன் ஆகும் நொடியில் பத்து மடங்கு இழுக்கும். எந்தப் பெட்டியும் மிரளும். ரெசிஸ்டர் லோடு செய்துகொள்ளுங்கள். 10 ஓம் 25 வாட், அலுமினிய உடம்பு வைத்தது, நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றும் 12 வோல்டில் 1.2 ஆம்பியர் எடுக்கும். ஒரு தகரத்தில் முடுக்கிவிடுங்கள், சூடாகும்.

அந்தக் காலத்தில் கலர் டிவியில் லைன் அவுட்புட்டைக் கழற்றிவிட்டு 115 வோல்ட் லைனில் 60 வாட் பல்பு மாட்டித்தான் பவர் சப்ளை பார்ப்போம். அங்கே பல்பு லோடாகப் பொருந்தும், ஏனென்றால் அது 230 வோல்ட் பல்பு, இழுப்பு குறைவு. இங்கே பொருந்தாது.

அலைவடிவம்

பாலிடெக்னிக்கில் லேப் பார்க்கிறவள். பழைய டிவி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லோடு தாங்கவில்லை என்றால் கன்ட்ரோல் பக்கம் தவறா, பவர் பக்கம் தவறா என்பதை மெயின்ஸ் கொடுக்காமலேயே பிரித்துவிடலாம். இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை, எனக்கு இது ஆச்சரியம்தான். ஷாக் அடிக்காது, எதுவும் வெடிக்காது.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகு, 3842-இன் 7-ஆம் பின்னுக்கும் 5-ஆம் பின்னுக்கும் வெளியிலிருந்து 18 வோல்ட் கொடுங்கள். 7 பிளஸ், 5 மைனஸ். 3842 எழ 16 வோல்ட் வேண்டும், எழுந்த பிறகு 10-க்குக் கீழே போனால்தான் படுக்கும். எழுந்ததும் 8-ஆம் பின்னில் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ஐ.சி. போயிற்று, அல்லது அந்த 5 வோல்ட் லைனில் ஏதோ ஷார்ட். 4-ஆம் பின்னில் ரம்பப் பல் அலை, 6-ஆம் பின்னில் மாஸ்பெட் கேட்டுக்கான பல்ஸ்.

அடுத்ததுதான் ருசியான பகுதி. 18 வோல்ட் அப்படியே இருக்க, பெட்டியின் அவுட்புட் முனைகளில் இன்னொரு சப்ளையிலிருந்து 11 வோல்ட் கொடுத்து மெல்ல ஏற்றுங்கள். பிளஸ் பிளஸ்ஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு. 12.1-ஐத் தாண்டும்போது டிஎல்431 விழித்து, பிசி817-இல் இருக்கும் எல்.இ.டி.யை எரிய வைத்து, 3842-இன் 1-ஆம் பின்னைக் கீழே இழுக்கும். 6-ஆம் பின்னில் பல்ஸ் நின்றுவிடும். இறக்கினால் திரும்ப வரும். இது நடந்தால் டிஎல்431, ஆப்டோ, ப்ரீசெட் (அவுட்புட் வோல்டேஜை அமைக்கும் திருகு), 3842 எல்லாமே ஒரே அடியில் பாஸ். சால்டர் புகை நண்பர் சொன்ன பட்டியலில் முக்கால்வாசியை ஈயம் உருக்காமலே அடித்துவிடலாம்.

ஈரோட்டுக் கேமரா

மேடம், என்னிடம் ஆசிலாஸ்கோப் இல்லை. வேரியபிள் சப்ளையும் இல்லை. மல்டிமீட்டர் மட்டும்தான்.

அலைவடிவம்

தேவையில்லை. இரண்டு 9 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்தால் 18 ஆயிற்று. ஐ.சி. இழுப்பது பதினைந்து மில்லி ஆம்பியர் சுற்றி, புது பேட்டரி தாங்கும். இரண்டாவது சப்ளைக்கு உங்கள் சாக்கிலிருந்து நன்றாக ஓடுகிற ஒரு பெட்டியை எடுங்கள், அதன் ப்ரீசெட்டைத் திருகினால் 11-க்கும் 13-க்கும் நடுவே போய்வரும்.

பல்ஸைப் பார்க்க மீட்டரை டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து 6-ஆம் பின்னில் பிடியுங்கள். அவுட்புட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ஐ.சி. முழு டூட்டியில் தள்ளும் (பல்ஸ் பெரும்பாலான நேரம் ஆனிலேயே இருக்கும்), மீட்டரில் 15 வோல்ட் சுற்றிக் காட்டும். 12.1 தாண்டியதும் பூஜ்ஜியத்துக்கு விழும். சராசரியைத்தான் மீட்டர் காட்டுகிறது, நமக்கு அது போதும்.

ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெயின்ஸ் ஓடும்போது பிரைமரி பக்கம் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டாதீர்கள். அந்த கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. பிரைமரி மைனஸ் எர்த் அல்ல, பிரிட்ஜ் வழியாக லைனோடு ஒட்டியது. மாட்டிய நொடியில் பிரிட்ஜ் வெடிக்கும். பெட்டிக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் கொடுத்தால்தான் அங்கே ஸ்கோப். இந்த 18 வோல்ட் சோதனையில் மெயின்ஸே இல்லாததால் அந்தப் பயம் இல்லை.

நாகை உப்புக்காத்து

இடையில் மன்னிக்கவும். என்னிடம் இதே மாதிரி பெட்டி, ஆனால் ஃப்யூஸ் கண்ணாடி உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கிறது. புது ஃப்யூஸ் போட்டேன், அதுவும் போனது. உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

பழைய டிவி

பல்லியை முதலில் எடுங்கள். ஃப்யூஸ் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், கறுத்த ஃப்யூஸ் என்றாலே உள்ளே முழு ஷார்ட். மாஸ்பெட்டின் டிரெயின் சோர்ஸ் பீப் அடிக்கும், பாருங்கள். மாஸ்பெட் போகும்போது தனியாகப் போகாது. சோர்ஸில் இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம் ரெசிஸ்டர் ஓப்பனாகியிருக்கும், கேட் ரெசிஸ்டர் போயிருக்கும், 300 வோல்ட் கேட் வழியாக 3842-க்குள் புகுந்து அதையும் கொன்றிருக்கும். பிரிட்ஜையும் சோதியுங்கள். நாலையும் சேர்த்து மாற்றிவிட்டு சீரிஸ் பல்பில் ஆன் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் திரும்பக் கொல்லும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வோல்டேஜ் துள்ளலை அடக்க இருக்கும் ஸ்னப்பர் டையோடு எஃப்.ஆர்.107 ரகமாக இருந்தால் அதே ரகம்தான் போட வேண்டும், 4007 கையில் இருக்கிறது என்று போடக் கூடாது, அது இந்த வேகத்துக்கு மெதுவானது. மிச்சத்தைத் தனியாக எழுதுங்கள், இங்கே இவர் கதை ஓடட்டும்.

ஈரோட்டுக் கேமரா

மேடம் சொன்னதைச் செய்தேன். இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட்டதும் 8-ஆம் பின்னில் 4.98. 6-ஆம் பின்னில் 15.6. அவுட்புட்டில் வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்தேன். 12.0 வரை 15.6 அசையவில்லை, 12.1-இல் டபக்கென்று 0. இறக்கினால் திரும்ப வருகிறது. மேஜையில் வைத்துக்கொண்டு ப்ரீசெட்டைத் திருகி விளையாடிக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகாக வேலை செய்கிறது. ஆக 3842, டிஎல்431, ஆப்டோ எல்லாம் நல்லது. சரிதானே?

அலைவடிவம்

சரிதான். இனி அவற்றைத் தொடாதீர்கள்.

சால்டர் புகை

இந்தச் சோதனை எனக்குப் புதிது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வி.சி.சி. கெப்பாசிட்டரைச் சொல்கிறேன், அந்த 47 எம்.எப்.டி. 50 வோல்ட். மேடத்தின் சோதனையில் பேட்டரியே வி.சி.சி.யைத் தாங்கிப் பிடிக்கிறது, கெப்பாசிட்டர் காய்ந்திருந்தாலும் தெரியாது. டிக் டிக் என்றாலே எனக்கு முதலில் அதுதான் தோன்றும்.

பழைய டிவி

இது நியாயமான பேச்சு. பக்கத்திலேயே ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டரும் ஹீட் சிங்கும் இருப்பதால் அந்தக் குட்டிக் கெப்பாசிட்டர்தான் பல போர்டில் முதலில் காயும். அதை டிக் சத்தத்தின் வேகத்தை வைத்தே ஊகிக்கலாம். 300 வோல்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாக ஒரு மில்லி ஆம்பியர் போல வந்து 47 எம்.எப்.டி.யை 10-இலிருந்து 16-க்கு ஏற்ற வேண்டும். சுமார் கால் செகண்ட் ஆகும். அதனால் செகண்டுக்கு மூன்று நான்கு டிக். கெப்பாசிட்டர் காய்ந்து 8, 10 எம்.எப்.டி. ஆகிவிட்டால் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும், டிக் டிக் என்பது கிரிகிரி என்று ஆகிவிடும். தம்பி, உங்கள் சத்தம் எப்படி?

ஈரோட்டுக் கேமரா

கொஞ்சம் வேகம்தான் அண்ணே, ஆனால் எண்ண முடிகிறது. செகண்டுக்கு ஏழெட்டு இருக்கும். கிரிகிரி இல்லை.

பழைய டிவி

அப்போது அது பாதி காய்ந்திருக்கும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் இருட்டினால் படுக்கிற கதைக்கு அது மட்டும் காரணமாகாது. ஒரு தடவை எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டால் வி.சி.சி.க்கு டிரான்ஸ்பார்மரின் துணைச் சுற்றிலிருந்து இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கெப்பாசிட்டருக்கு ஆன் ஆகும் நேரத்தில்தான் பெரிய பாரம். உங்கள் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, லோடு ஏறும்போது விழுகிறது.

ரெசிஸ்டர் லோடு தயாராகிவிட்டால், அந்த 100 எம்.எப்.டி. 400 வோல்ட் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் மீட்டரை டிசி 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, லோடு ஒவ்வொன்றாக ஏற்றும்போது எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுங்கள். கிளிப்பை பிளக் போடும் முன்பே மாட்டிவிடுங்கள், ஓடும்போது கையில் பிடிக்க வேண்டாம். சீரிஸ் பல்பு கூடாது.

ஈரோட்டுக் கேமரா

எழுதிவிட்டேன். லைன் 225 வோல்ட்.

லோடு இல்லாமல் 318.
ஒரு ரெசிஸ்டர்: 295.
இரண்டு: 271.
மூன்று: 238, அவுட்புட் 12.0, லேசாக ஊசலாடுகிறது.
நான்காவது தொட்டதும் டிக் டிக்.

பழைய டிவி

பிடித்துவிட்டீர்கள். பவர் பக்கம்தான். அந்தப் பெரிய கெப்பாசிட்டர் வற்றிப் போயிற்று. நல்ல 100 எம்.எப்.டி.யாக இருந்தால் நான்கு போட்டாலும் 300-க்கு மேலேயே நிற்கும்.

ஈரோட்டுக் கேமரா

ஆனால் அண்ணே, அது பார்க்க புதுசு மாதிரி இருக்கிறது. தலை தட்டையாக, உப்பல் இல்லை, கசிவு இல்லை. அவுட்புட்டில் உப்பியிருந்தவை போல இல்லவே இல்லை.

அலைவடிவம்

உப்பியிருந்தால் கெட்டது, உப்பாவிட்டால் நல்லது என்பது பாதி உண்மை. உள்ளே வாயு சேர்ந்தால் உப்பும். எலக்ட்ரோலைட் ரப்பர் அடைப்பு வழியாக மெல்ல மெல்ல ஆவியாகிப் போனால் உப்பாது, வெறுமனே காயும். உயர் வோல்ட் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது விதத்தில்தான் போகின்றன.

ஏன் சாயங்காலம் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பிரிட்ஜிலிருந்து செகண்டுக்கு நூறு முறைதான் உச்சி வருகிறது. ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவே எட்டு மில்லி செகண்ட் போல, லோடு கேட்பதை இந்தக் கெப்பாசிட்டர் தன் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டும். 20 வாட் லோடு என்றால் வற்றிய கெப்பாசிட்டரும் சமாளிக்கும். 50 வாட் ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் வோல்டேஜ் பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது 3842 மாஸ்பெட்டை முடிந்தவரை திறந்துவைத்தும் போதாது, கரண்ட் வரம்பில் முட்டிக்கொள்ளும், அவுட்புட் சரியும். அவுட்புட் சரிந்தால் துணைச் சுற்றின் வோல்டேஜும் கூடவே சரியும், வி.சி.சி. 10-ஐத் தொடும், ஐ.சி. படுத்துவிடும். திரும்ப எழ முயலும், அதே லோடு நிற்கிறது, திரும்பப் படுக்கும். அதுதான் அந்த டிக்.

இதோடு சாயங்காலம் தெருவில் எல்லோரும் விளக்குப் போட்டதும் லைன் வோல்டேஜ் 200-க்கு இறங்கும் ஏரியாவாக இருந்தால் இன்னும் முன்னாலேயே விழும். உங்கள் மேஜையில் நான்காவது ரெசிஸ்டரில் விழுந்த பெட்டி கடையில் ஐந்தாவது கேமராவிலேயே விழுந்ததற்கு அது காரணமாக இருக்கலாம், அங்கே ஆறரை மணிக்கு லைனை ஒருமுறை அளந்து பாருங்கள்.

சால்டர் புகை

மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அந்த 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளையே (வோல்டேஜ் ஏறி இறங்குவதையே) நேராகப் பார்த்துவிடலாமே?

அலைவடிவம்

நல்ல மீட்டராக இருந்தால் பார்க்கலாம். மஞ்சள் நிற மலிவு மீட்டர்களில் பலவற்றில் ஏசி ரேஞ்சில் டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் உள்ளே கிடையாது. 300 வோல்ட் டிசியில் வைத்தால் ஒரு பக்கம் 600-க்கு மேல் காட்டும், முனையை மாற்றிப் பிடித்தால் பூஜ்ஜியம் காட்டும். இரண்டும் பொய். சிவப்பு வயரில் 0.1 மைக்ரோ 630 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் ஓரளவுக்கு ஒப்பிடலாம். டிசியிலேயே இறக்கம் இவ்வளவு பளிச்சென்று தெரியும்போது அந்தப் பாடு எதற்கு?

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. நான்கு வருடத்தில் ஏன் வற்ற வேண்டும்? என் வீட்டு ஆம்ப்ளிபையரில் முப்பது வருடக் கெப்பாசிட்டர் இன்னும் ஓடுகிறதே.

அலைவடிவம்

உங்கள் ஆம்ப்ளிபையர் தினம் இரண்டு மணி நேரம் ஓடும், உள்ளே காற்று உண்டு. கேமரா பெட்டி 24 மணி நேரமும் ஓடும். வருடத்துக்கு 8760 மணி. கெப்பாசிட்டர் மேல் "105 டிகிரி" என்று போட்டிருக்கும், அந்தச் சூட்டில் சாதாரண ரகத்துக்கு ஆயுள் 2000 மணி. ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 75 டிகிரியில் 16,000 மணி, அதாவது இரண்டு வருடம்கூட இல்லை. 65-இல் 32,000, மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். ஷட்டருக்கு மேலே, வெயில் படும் தகரத்துக்குப் பின்னால், மூடிய பெட்டிக்குள் 65 டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை. நான்கு வருடம் ஓடியது கணக்குப்படி சரியாகவே இருக்கிறது.

ஈரோட்டுக் கேமரா

கழற்றி கெப்பாசிட்டர் மீட்டரில் வைத்தேன். 100-க்கு 11 காட்டுகிறது. வி.சி.சி. 47-க்கு 19. பெரிய கெப்பாசிட்டருக்கு அடியில் அது ஆடாமல் இருக்க மஞ்சள் கோந்து வைத்திருந்தார்கள். இப்போது காப்பிக்கொட்டை நிறத்தில் இறுகிப் போய், பக்கத்து ஜம்பர் வயரில் பச்சை பூத்திருக்கிறது. அதைச் சுரண்ட வேண்டுமா?

பழைய டிவி

கட்டாயம் சுரண்டுங்கள். அந்தக் கோந்து மஞ்சளாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சூட்டில் பழுப்பாகிவிட்டால் கரண்டைக் கசியவிடும், செம்பையும் அரிக்கும். மரக்குச்சி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், பொறுமை. பச்சை பூத்த ஜம்பரை மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது 450 வோல்ட் கேளுங்கள், 105 டிகிரி. பழைய குழிக்குள் உயரம் பொருந்துகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டு போங்கள், பெட்டியின் மூடி தட்டும். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், வாங்கியதைப் போர்டில் ஏற்றும் முன் மீட்டரில் வையுங்கள். பெரிய உறைக்குள் சின்னக் கெப்பாசிட்டரை ஒளித்து விற்பது உண்டு, கையில் எடுத்தாலே எடை காட்டிக்கொடுக்கும். அவுட்புட்டில் நீங்கள் போட்ட மூன்றும் லோ ஈ.எஸ்.ஆர். (உள் தடை குறைந்த) ரகமா?

ஈரோட்டுக் கேமரா

கடையில் 1000 எம்.எப்.டி. 25 வோல்ட் என்று கேட்டேன், கொடுத்தார். ரகம் பார்க்கவில்லை.

பழைய டிவி

ஓடவிட்டுக் கால் மணி கழித்து, பிளக்கைப் பிடுங்கி, தலையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாதாரண ரகம். 60, 70 ஆயிரம் ஹெர்ட்ஸில் ரிப்பிள் கரண்ட் முழுதும் அதன் வழியாகத்தான் போகிறது, சாதாரண ரகம் சில மாதத்திலேயே உப்பிவிடும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

மதுரை மாஸ்பெட்

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம். என் போர்டில் 3842 இருந்தது, கடையில் 3843 கொடுத்து இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். போட்டேன், டிக் டிக். கெப்பாசிட்டர்கள் எல்லாம் நல்லது, அளந்துவிட்டேன்.

அலைவடிவம்

கால்கள் ஒன்றுதான், குணம் வேறு. 3842 எழுவது 16-இல், படுப்பது 10-இல். 3843 எழுவது 8.4-இல், படுப்பது 7.6-இல். எழுந்து அவுட்புட்டை நிரப்பி, துணைச் சுற்று கை கொடுக்கும்வரை வி.சி.சி. கெப்பாசிட்டரில் இருக்கும் கையிருப்பில்தான் ஓட வேண்டும். 3842-க்கு 6 வோல்ட் அளவு கையிருப்பு. 3843-க்கு 0.8. அதே 47 எம்.எப்.டி.யில் இருபது மில்லி செகண்ட் ஓட வேண்டியது இரண்டரை மில்லி செகண்டில் தீர்ந்துவிடும். அவுட்புட் 12-ஐத் தொடும் முன் ஐ.சி. படுத்துவிடும். 3842-ஐயே தேடி வாங்குங்கள். 3844-க்கும் 16, 10தான், ஆனால் டூட்டி பாதிக்கு மேல் போகாது, அதையும் மாற்றாகப் போடாதீர்கள்.

மதுரை மாஸ்பெட்

போட்டாயிற்று மேடம், 3842. எழுந்துவிட்டது. நன்றி.

ஈரோட்டுக் கேமரா

100 எம்.எப்.டி. 450 வோல்ட், 47 எம்.எப்.டி. 50 வோல்ட், அவுட்புட்டில் மூன்று லோ ஈ.எஸ்.ஆர். எல்லாம் போட்டு, கோந்தைச் சுரண்டி, சீரிஸ் பல்பில் ஆன் செய்தேன். ஒரு மின்னல், அப்புறம் மங்கல். பல்பை எடுத்துவிட்டு லோடு ஏற்றினேன். நான்கு ரெசிஸ்டர் போட்டும் 306-க்குக் கீழே இறங்கவில்லை. அரை மணி ஓடவிட்டேன், ரெசிஸ்டர் மாட்டிய தகரத்தில் தோசை சுடலாம், பெட்டி அசையவில்லை.

நேற்று கடையில் மாட்டினேன். டியூப்லைட்டை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு மானிட்டர் முன்னால் முதலாளியும் நானும் நின்றோம். எட்டும் வரிசையாகக் கறுப்பு வெள்ளைக்கு மாறின, ஒன்றுகூட விழவில்லை. லைன் அப்போது 204 வோல்ட், மேடம் சொன்னது சரி. சாக்கிலிருந்து மற்ற பெட்டிகளையும் இதே வரிசையில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டில் இதே கெப்பாசிட்டர்தான். ஒன்றில் மட்டும் 18 வோல்ட் சோதனையில் 12.1 தாண்டியும் 6-ஆம் பின் விழவில்லை, ஆப்டோ போயிருந்தது.

இன்னும் ஒரு கேள்வி. கடைசி கேமரா நாற்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. ஐஆர் எரியும்போது அங்கே 10.7 வோல்ட்தான் வருகிறது, படத்தில் லேசாகக் கோடு. ப்ரீசெட்டைத் திருகி பெட்டியில் 13.5 வைத்துவிடட்டுமா?

பழைய டிவி

வேண்டாம் தம்பி. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேமராக்களுக்கும் அந்த 13.5 தான் போகும். நிறைய கேமராக்களில் 12 வோல்ட், கூடக் குறைய பத்து சதவீதம் என்றுதான் போட்டிருக்கும், அதாவது 13.2 வரை. 12.6 வையுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். கடைசி கேமராவுக்கு கேபிளில் சும்மா கிடக்கும் கம்பி ஏதாவது இருந்தால் பிளஸ்ஸோடு ஒன்று, மைனஸோடு ஒன்று சேர்த்து இரட்டையாக்குங்கள், இறக்கம் பாதியாகிவிடும். கம்பி இல்லை என்றால் அந்தக் கேமராவுக்குப் பக்கத்திலேயே தனியாக 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று மாட்டிவிடுங்கள்.

ஈரோட்டுக் கேமரா

ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு இரட்டையாக்கிவிடுகிறேன். பெட்டியையும் ஷட்டர் தகரத்திலிருந்து எடுத்து உள்சுவரில் மாட்டச் சொல்லி முதலாளியிடம் பேசியாயிற்று, ஆணி அடிக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை, புதிதாக பெயின்ட் அடித்த சுவராம்.